நீருக்கு நடுவே ஒரு வீடு: கைனகரிப் பயணக் குறிப்புகள்

22 ஜனவரி 2025, புதன்: ஆலப்புழை

கேரளத்தின் குட்டநாட்டில், புனித சாவறா பிறந்த ஊரான கைனகரிக்குப் போக வேண்டும் என்று அம்மா பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2014 நவம்பர் 23 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறாவையும் அருள்சகோதரி யூப்ரேசியாவையும் புனிதர்களாக அறிவித்த திருப்பலியை அவர் தொலைக்காட்சியில் முழுவதும் பார்த்தார். அதற்கு முன்பே, 1986 பிப்ரவரி 8 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கோட்டயத்துக்கு வந்து சாவறாவுக்கும் அருள்சகோதரி அல்போன்சாவுக்கும் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தபோது, எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. கைக்குழந்தையாக இருந்த என் தங்கைக்குக் காய்ச்சல் என்பதால் அம்மா போகவில்லை. அந்தக் குறை அவருக்கு இன்றுவரை இருக்கிறது. இப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயதாகிறது, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. இன்னும் தள்ளிப்போட்டால் நடக்காது என்று தோன்றியதால் கிளம்பிவிட்டோம்.

புனிதர்களின் கல்லறைகளுக்குப் போகிறவர்கள் அதிகம், அவர்கள் பிறந்து தவழ்ந்த வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. அம்மாவுக்கோ வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "சாவறாவுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மாதானே, அந்த அம்மா இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும்" என்றார். மரியம் தோப்பில் என்ற அந்தத் தாயின் பெயரை அவர் சொந்தக்காரர் பெயரைப் போலச் சொல்வார்.

ஆலப்புழையில் வெயில் கடுமையாக இருந்தது. தை மாதக் குளிரை நம்பி அம்மா கொண்டுவந்த கம்பளிச் சால்வை பையை விட்டு வெளியே வரவில்லை. படகுத் துறையில் ஒருவர் ஹவுஸ் போட்டுக்கு எட்டாயிரம் ரூபாய் சொன்னார். நாங்கள் போக விரும்புவது சாவறா பிறந்த வீடான சாவறா பவனுக்கு என்று தெரிந்ததும் அவரே தம் விலையை விட்டுவிட்டு, காலையில் அரசுப் படகு இருக்கிறது என்றும், ஆளுக்கு இருபது ரூபாய்க்குள் போய்விடலாம் என்றும் சொல்லி, எந்தத் துறையில் நிற்க வேண்டும் என்பதையும் உடன் வந்து காட்டினார். இரவு உணவுக்குச் சிவந்த மட்டை அரிசிச் சோறும் குடம்புளி போட்ட மீன் கறியும் கிடைத்தன. எங்கள் ஊர்ப் புளிக்குப் பழகிய அம்மாவுக்கு அந்தப் புகை மணம் ஒத்துக்கொள்ளவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

23 ஜனவரி, வியாழன்: கைனகரி

காலைப் படகில் நீர்மேல் பனி இன்னும் கலையாமல் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள், மளிகைப் பைகளோடு திரும்புகிறவர்கள் என்று நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறும் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் ஒரு மாணவி எழுந்து, ஓரத்து இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, தன் புத்தகப் பையை மடியில் அணைத்தபடி நின்றே வந்தாள். குட்டநாட்டில் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கின்றன என்று படித்திருந்தேன்; ஆனால் படகில் உட்கார்ந்தபடி வரப்புக்கு அப்பால் கீழே குனிந்து பச்சை நெல்லைப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் புரிந்தது. ஆறு மேலே ஓடுகிறது, வயல் கீழே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள மண்கரையில் மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

பாதி வழியில் படகு நின்றுவிட்டது. நெல்லுக்கு உப்புநீர் ஏறாமல் இருக்க இந்த மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடி வைப்பதால் நீர் ஓட்டமின்றித் தேங்கி, ஆகாயத்தாமரை பாய் விரித்தது போல அடைத்துக்கொள்கிறது. அந்தக் கொடி விசிறியில் சுற்றிக்கொண்டது. ஊழியர் ஒருவர் கத்தியோடு பின்பக்கம் குனிந்து அறுத்து எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. படகில் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. அந்தப் பதற்றத்தில் நான் துறையின் பெயரைத் தவறாகக் காதில் வாங்கி, அம்மாவை ஒரு துறை முன்னதாகவே இறக்கிவிட்டேன். படகு போன பிறகுதான் எதிரே ஒரு தென்னந்தோப்பும் இரண்டு வாத்துக் கூட்டங்களும் மட்டுமே இருப்பதைக் கண்டேன்.

எங்களைக் காப்பாற்றியவர் சிறு வள்ளத்தில் புல்லுக்கட்டு ஏற்றி வந்த ஓர் அம்மச்சி. அறுபது வயதுக்கு மேலிருக்கும். புல்லை ஒதுக்கி, அம்மாவின் கையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்து, கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே பேசினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வீட்டுக்குள் கட்டில் மூழ்கியதையும், மழை விட்டபின்னும் வரப்புகள் உடைந்து கிடந்ததால் வாரக்கணக்கில் நீர் வடியாமல் நின்றதையும், முகாமிலிருந்து திரும்பியபோது சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் மட்டும் ஈரமின்றி இருந்ததையும் சொன்னார். மலையாளம் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் படம் என்ற சொல் வந்தபோது சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். இறங்கும்போது நூறு ரூபாயை நீட்டினேன். இருவருக்கும் இருபது போதும் என்றார். சில்லறை இல்லை. மீதி எண்பதைச் சாவறா அச்சன் வீட்டில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடச் சொல்லிவிட்டு வள்ளத்தைத் திருப்பினார்.

வீடு, பிற்காலத்தில் எழுப்பிய பெரிய கட்டடத்துக்குள் பத்திரமாக நிற்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை சொல்லப்படும் மரவீடு. உள்ளே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். 1805 பிப்ரவரி 10 அன்று தந்தை குரியாக்கோஸ் சாவறாவுக்கும் தாய் மரியத்துக்கும் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தது இங்கேதான். புகைப்படத்தில் பார்த்தபோது அரண்மனை போல் எண்ணியிருந்தேன். நேரில் அது மிகச் சிறியது. நான்கு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நின்றால் ஒருவர் தோள் மற்றவர் மேல் படும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, நிலைக்காலில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

சாவறா தம் பிள்ளைப் பருவத்தைத் தாமே பாடியிருக்கிறார். 'ஆத்மானுதாபம்' என்ற நெடும்பாட்டில், நள்ளிரவில் எழுந்து முழந்தாளிட்டுச் செபிக்கும் தாயையும், அவருடைய உடலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தம்மையும், கால் வலித்து அவர் தரையில் அமரும்போதெல்லாம் இறைவனைப் பற்றி மெல்ல எடுத்துச் சொன்னதையும், தாய்ப்பாலோடு சேர்த்தே அவர் தமக்கு விசுவாசத்தை ஊட்டியதையும் நன்றியோடு நினைவுகூர்கிறார். பின்னாளில் துறவற சபையை நிறுவி, சிரியன் கத்தோலிக்கர்களின் முதன்மைக் குருவாகி (விகார் ஜெனரல்), எத்தனையோ நூல்களைக் கற்ற ஒருவர், தம் ஆன்மீகத்தின் ஊற்றைத் தேடும்போது இந்த அறைக்குத்தான் திரும்பி வருகிறார். மின்விளக்கு இல்லாத காலம். சுற்றிலும் நீர். தவளைச் சத்தமும், எங்கோ வரப்பில் நீர் இறைக்கும் சக்கரத்தைக் கூலியாட்கள் மிதிக்கும் ஓசையும் தவிர வேறு ஒலி கேட்டிருக்காது. அந்த இருட்டில் ஒரு பெண்ணின் தாழ்ந்த குரல். அந்தக் குரலைக் கேட்க முடியாது என்று தெரிந்திருந்தும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

ஆனால் இந்த வீட்டைப் பற்றி நினைக்கும்போது, அது கொடுத்ததோடு நிறுத்திக்கொள்வது சரியாகாது. ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை களரி என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசானிடம் எழுத்துக் கற்ற சிறுவன், 1818-இல் பள்ளிப்புறம் குருமடத்தில் பாலக்கல் தோமா மல்பானிடம் (மல்பான் என்றால் சிரியாக் மொழியில் ஆசிரியர்) சேர்ந்தான். அவன் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே கொள்ளைநோய் ஊருக்கு வந்து தந்தையையும் தாயையும் ஒரே சகோதரரையும் கொண்டுபோய்விட்டது. குடும்பம் அற்றுப்போகாமல் இருக்க வீட்டுக்குத் திரும்பி வா என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். அவர்கள் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை. எந்த ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள். இளைஞரான அவர் கடவுளின் சித்தத்தை வேண்டிச் செபித்து, தம் மூத்த சகோதரியையும் அவருடைய கணவரையும் அந்த வீட்டில் குடியமர்த்தி, குடும்பப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் குருமடத்துக்கே திரும்பினார். தாய் இந்த வீட்டில் சொல்லிக்கொடுத்த செபமே அவரை இந்த வீட்டை விட்டுப் போகச் செய்தது.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. காணிக்கைப் பெட்டியில் எண்பது ரூபாயைப் போட்டு, வள்ளத்து அம்மச்சிக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொன்ன பிறகு, "போன பிள்ளை திரும்பி வராதுன்னு அந்தம்மாவுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்" என்றார். பதினெட்டு ஆண்டுகளாக வெளியூரில் வேலை பார்க்கும் நான் அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மதியம் துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கடையில் மரவள்ளிக்கிழங்கு மசியலும் மீன் கறியும் சாப்பிட்டோம். இருவருக்கும் இருநூற்று நாற்பது ரூபாய். நேற்று ஒதுக்கிய குடம்புளியை அம்மா இன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மாலைப் படகில் திரும்பும் வழியில், பிறந்த எட்டாம் நாளில் சாவறாவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த சென்னங்கரிக் கோயிலையும் பார்த்தோம். உள்ளே வெகுநேரம் இருக்க முடியவில்லை. அடுத்த படகைத் தவறவிட்டால் இருட்டிவிடும் என்று அங்கிருந்தவர்கள் எங்களை விரைவுபடுத்தி அனுப்பினார்கள்.

24 ஜனவரி, வெள்ளி: குடவெச்சூர்

முகம்மையிலிருந்து குமரகத்துக்கு வேம்பநாட்டு ஏரியைக் குறுக்கே கடக்கும் படகில் ஏறினோம். முக்கால் மணி நேரம் போலப் பிடித்தது. பாதிராமணல் தீவைத் தாண்டியதும் நாலாபுறமும் நீர் மட்டுமே தெரிந்தது. இருநூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மரியமும் இத்தகைய நீரைத்தான் துடுப்பு வள்ளத்தில் கடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

1805 செப்டம்பர் 8, மாதாவின் பிறப்புத் திருநாள். அன்று மரியம் தம் ஏழு மாதக் குழந்தையை இங்குள்ள வெச்சூர் மாதா கோயிலுக்குக் கொண்டுவந்து, மரியன்னைக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்தார். 'அடிமை வைத்தல்' என்ற இந்த வழக்கம் கேரளக் கிறிஸ்தவர்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீ மாதாவின் பிள்ளை, உன்னை அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று தாய் மகனுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் நள்ளிரவில் நடந்த பாடத்தின் மறுபாதி இந்தக் கோயிலில் நடந்தது என்று எனக்குப் படுகிறது. அதனாலேயே கைனகரி மட்டும் போதாது, இங்கும் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

கோயிலை அடையும் முன் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. குமரகத்தில் நூற்று எண்பது ரூபாய்க்குப் புதுச் செருப்பு வாங்கினோம். அது காலைக் கடித்ததால் குடவெச்சூரில் அவர் வெறுங்காலோடு, சூடேறிய முற்றத்தில் வேகமாக நடந்தார். உள்ளே ஓர் இளம் தம்பதியர் கைக்குழந்தையைப் பீடத்தின் முன் கிடத்தியிருந்தார்கள். குரு செபம் சொல்லி முடித்ததும், அந்தக் குழந்தையின் பாட்டி திரும்பி, முன்பின் அறியாத எங்கள் கைகளிலும் கற்கண்டு வைத்தார்.

கற்கண்டை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மா சொன்னது எனக்குப் புதிய செய்தி. நான் பிறந்து நாற்பதாம் நாள் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் என்னையும் இப்படித் தரையில் கிடத்தி ஒப்புக்கொடுத்தாராம். அப்பாவுக்கும் தெரியாதாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ சாமியாராகப் போயிருப்பாயோ என்று பயம், சொல்லாமல் இருந்தது மாதாவை ஏமாற்றியது போலாகுமோ என்று அதைவிடப் பயம் என்றார். மரியத்துக்கு அந்தப் பயம் இருந்ததா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

25 ஜனவரி, சனி: மான்னானம்

கைனகரி நீர்மட்டத்தில் கிடக்கிறது, கோட்டயத்துக்கு அருகே உள்ள மான்னானம் குன்றின்மேல் நிற்கிறது. பாலக்கல் தோமா மல்பான், போரூக்கர தோமா மல்பான் ஆகியோரோடு சாவறாவும் சேர்ந்து, 1831 மே 11 அன்று துறவற இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் இது. சிரியாக் மொழியில் 'பேஸ்றவ்மா' என்று அவர்கள் அதை அழைத்தார்கள். உயரத்தில் உள்ள வீடு என்று பொருள். தாய்வீட்டுக்குத் திரும்பாதவர் வேறொரு வீட்டைக் கட்டினார். 1871 ஜனவரி 3 அன்று கூனம்மாவு என்ற ஊரில் இறந்த அவருடைய உடலின் எச்சங்கள் 1889-இல் இங்கே கொண்டுவரப்பட்டன.

கல்லறையில் கூட்டம் இருந்தது. திருப்பலி மலையாளத்தில், கேரளக் கத்தோலிக்கரின் சீரோ மலபார் வழிபாட்டு முறையில் நடந்தது. அருங்காட்சியகத்தில் 1846-இல் இங்கே தொடங்கிய அச்சகத்தின் மரப்பொறியைப் பார்த்தோம். முதலில் வாழைத்தண்டில் மாதிரி செய்து தச்சரிடம் காட்டித்தான் சாவறா அதைச் செய்வித்தார் என்று சொல்கிறார்கள். 1887-இல் நஸ்ராணி தீபிகை என்ற இதழும் இந்த அச்சகத்திலிருந்தே வெளிவரத் தொடங்கியது. ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும், ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக வீடுதோறும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கச் சொன்னதும் பலருக்குத் தெரிந்தவை. பிடியரிசி என்ற சொல்லை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டிலும் அவருடைய தாயார் அதற்கென ஒரு மண்கலயம் வைத்திருந்தாராம்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தோன்றுவது 1868-இல் அவர் கைனகரி மக்களுக்கு எழுதி அனுப்பிய 'ஒரு நல்ல அப்பனின் சாவருள்'. தாம் விட்டுவந்த ஊருக்கு, வயதான காலத்தில், ஒரு தந்தை பிள்ளைகளுக்கு எழுதும் இறுதி வார்த்தைகளாக அதை எழுதினார். தாம் இறந்தாலும் இந்தக் காகிதம் இறக்காது என்றும், குடும்பங்கள் படியெடுத்து வைத்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடி வாசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதில் உள்ளவை வீட்டுப் பேச்சுகள்தாம். வீண் வழக்குக்குப் போகாதீர்கள், செல்வத்தைப் பகட்டாகக் காட்டாதீர்கள், கூலியாளின் கூலியை நிறுத்தி வைக்காதீர்கள், பிள்ளைகள் இறைவன் உங்களிடம் ஒப்படைத்த செல்வம், நல்ல நூல்களை வீட்டில் சேர்த்து வையுங்கள். கூலியைப் பற்றிய வரியைப் படிக்கும்போது, வயல் மூழ்காமல் இருக்க இரவு முழுவதும் சக்கரம் மிதித்தவர்களை அவர் பிள்ளையாக இருந்தபோதே பார்த்திருப்பார் என்று நினைக்கத் தோன்றியது. எழுதியவருக்குச் சொந்தமாகக் குடும்பம் இல்லை. ஆனாலும் குடும்பம் எப்படி நடக்க வேண்டும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததற்கு, பதின்மூன்று வயதுவரை வாழ்ந்த அந்தச் சிறு மரவீடே காரணம் என்று நான் நம்புகிறேன். கல்லறைக்கு வருகிறவர்கள் கைனகரிக்கும் போக வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான்.

அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, நேற்றைய செருப்புக் கடியில் எண்ணெய் தடவிக்கொண்டே, அந்தச் சாவருள் புத்தகத்தில் இன்னும் என்ன இருக்கிறது, வாசி என்றார். மாலைச் செபத்தைப் பற்றிய பகுதியைத் தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தேன். மாலையில் செபநேரம் வந்துவிட்டால், எவ்வளவு பெரிய விருந்தினர் வீட்டில் இருந்தாலும் அதை மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அம்மா தடவுவதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் மாலைச் செபம் நின்றுபோனது எப்போது என்று கேட்டார். தங்கை கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து தங்கிய வாரத்தில் என்று சொன்னேன். இருவருக்குமே அது நினைவிருந்தது.

மாலையில் கோட்டயத்தில் ரயில் ஏறினோம். பெட்டி நிரம்பியிருந்தது. எதிர் இருக்கையில் தலையில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு முதியவர் கைப்பேசியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பக்கத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஏழு மணி ஆனதும் அம்மா பையிலிருந்து செபமாலையை எடுத்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாய்க்குள் முணுமுணுக்காமல் சற்று உரத்த குரலிலேயே சிலுவை அடையாளம் வரைந்து தொடங்கினார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை அவர் தொடங்கியபோது நானும் பதில் சொல்லத் தொடங்கினேன். முதியவர் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும்வரை அவர் அதை வெளியே எடுக்கவில்லை. அம்மா மாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்ததும், தம் பையிலிருந்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தைப் பிரித்து, முதலில் அம்மாவின் பக்கம் நீட்டினார்.